கடனின் வாசகத்தைச் சொல்வது யார்?

என்னிடம் படித்த மாணவனொருவன் பல்கலைக்கழக விடுமுறையில் பதுளையிலுள்ள வர்த்தக வங்கியொன்றில் பயிலுநராக இருந்தான். அடகுப் பிரிவில் படிவம் நிரப்புவது அவன் வேலை. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவன் காட்டிய இடத்தில் ஒப்பமிடுவார்கள். படிவமோ ஆங்கிலத்தில். "வாசிக்க முடியாத ஒன்றுக்கு ஒப்பமிடுவது சம்மதமாகுமா சேர்?" என்று கேட்டான்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (அல்பகறா 282) கடனை எழுதுவது பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும். வாசகத்தைச் சொல்ல வேண்டியவரோ கடன்படுபவர். அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்ல வேண்டும். இன்று இது தலைகீழாகிவிட்டது. கொடுப்பவரே வாசகத்தை அச்சிட்டு வைத்திருக்கிறார்.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2011இல் அமானா வங்கி வட்டியில்லா வங்கியாகத் தொடங்கியது. இரண்டும் நல்லவையே. ஆயினும் வட்டியில்லாத படிவமும் விளங்காமல் ஒப்பமிடப்பட்டால், அந்த வசனம் கேட்கும் நீதி அங்கும் இல்லை.

ஆகவே அவனிடம் சொன்னேன்: தவணை முடியும் நாளையும், மீட்காவிட்டால் நகை ஏலம் போகும் என்பதையும் தமிழில் வாய்விட்டுச் சொல். வரிசை நீளும்தான். ஆனால் பேனா பிடிப்பவனிடம் அந்தப் பெண் ஒப்படைப்பது தோட்டை மட்டுமல்ல, தன் அறியாமையையும்தான். அதுவும் ஓர் அமானிதம்.