தேன்காட்டியின் பங்கு



பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறையின் ஆறாவது அத்தியாயமாகிய அல்அன்ஆமிலே அல்லாஹுத்தஆலா அறிவிக்கின்றான். ஓதுகின்றோம், ஓதிவிட்டுக் கடந்து விடுகின்றோம். சமுதாயம் என்றால் கொடுக்கலும் வாங்கலும் இருக்குமே, பறவையிடம் அது எப்படி நடக்கின்றது என்று நாம் சிந்தித்ததுண்டா?

ஆப்பிரிக்காவிலே தேன்காட்டி என்றொரு சிறு பறவை உண்டு. தேனடையின் மெழுகைத் தின்று செரிக்கும் சக்தியை வல்ல இறைவன் அதற்கு அளித்திருக்கின்றான். தேன்கூடு இருக்கும் இடம் அதற்குத் தெரியும். ஆனால் மரப்பொந்தைப் பிளக்க அதனிடம் கோடரி இல்லை. தேனீக்களை அடக்கப் புகை இல்லை. மனிதனிடம் இவ்விரண்டும் உண்டு. கூடு இருக்கும் இடம்தான் தெரியாது. ஒருவருக்கு மற்றவரைத் தேவையாக்கி வைத்த றப்பின் ஹிக்மத்தை என்னென்பது!

மொஸாம்பிக் நாட்டின் வடக்கேயுள்ள நியாஸா காட்டுப் பகுதியிலே யாவோ என்னும் மக்கள் வாழ்கின்றார்கள். இவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களே. தேன் எடுக்கப் புறப்படுகிறவர், தம் தகப்பனாரிடம் கற்ற ஓர் ஓசையை எழுப்புவார். அதைக் கேட்டு வரும் பறவை, குரல் கொடுத்துக்கொண்டே மரத்துக்கு மரம் பறந்து கூட்டருகே கொண்டு சேர்க்கும். 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வேறு ஓசைகளை எழுப்பியபோது 100-க்கு 16 தடவைதான் கூடு காட்டப்பட்டது. இந்த ஓசைக்கோ 54 தடவை. கென்யாவின் போரன் மக்களைப் பற்றி 1989-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, தாமாகத் தேடினால் ஒரு கூட்டுக்குச் சராசரி 9 மணி நேரம் ஆகிறது. பறவை வழிகாட்டினால் 3 மணி நேரமே.

தேனை எடுத்த யாவோக்கள், மெழுகை இலைகளின் மேல் பரப்பிப் பறவைக்கு வைக்கின்றார்கள். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பறவைக்குப் பத்திரம் உண்டா? சாட்சி உண்டா? மனிதன் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு நடந்துவிட்டால் அது யாரிடம் போய் முறையிடும்? பங்கு வைக்காதவனை அடுத்த முறை சிங்கத்திடம் கொண்டு விட்டுவிடும் என்றொரு நம்பிக்கை ஆப்பிரிக்காவில் உண்டு. ஈமான் கொண்ட நமக்குச் சிங்கம் எதற்கு? மஹ்ஷரின் கேள்வி போதாதா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். மூத்தவர் கடல் கடந்து சம்பாதிக்கின்றார். இளையவர் ஊரிலிருந்து கடையைக் கவனித்து, வாப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி, சகோதரிகளின் கல்யாணத்துக்கு அலைந்து வாலிபத்தைக் கழிக்கின்றார். பங்கு பேசும் நாளிலே, “நீ என்ன சம்பாதித்தாய்?” என்று ஒரே கேள்வி! பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. வாரிசுரிமை வேறு, உழைத்தவரின் ஹக்கு வேறு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பிறரைச் சொல்வானேன்? மதரஸாவில் ஓதிய காலத்தில் முறை வைத்து நமக்குச் சோறு அனுப்பிய தாய்மார்கள் எத்தனை பேர்! ஸனது வாங்கி வந்தபின், அவர்களில் எத்தனை பேரின் வாசலுக்குச் சென்று நாம் ஸலாம் சொன்னோம்? எண்ணிப் பார்த்தால் தலை குனிகின்றது.

நன்மைக்கு வழிகாட்டியவருக்கும் அதைச் செய்தவரைப் போன்ற கூலி உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த நெறி. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே என்றும் எச்சரித்திருக்கின்றார்கள்.

ஆகவே, இன்றிரவு இஷாவுக்குப் பின் வீட்டோடு அமர்ந்து எண்ணிப் பாருங்கள். நாம் இன்று உண்ணும் தேனுக்குக் கூடு காட்டியவர் யார்? அவருக்குரிய மெழுகு இன்னும் நம் கையிலேயே இருக்கின்றதா? கேட்கத் தெரியாதவரின் பங்கைக் கேளாமலே கொண்டு போய்க் கொடுப்போம். அதற்கு வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.