விடுதி வாழ்வும் நன்றிக் கடனும்

மனிதன் தங்கும் இடங்கள் பல. பிறந்து வளர்ந்த வீடு ஒன்று. பிழைக்கச் சென்ற ஊரில் வாடகைக்குக் கொண்ட வீடு மற்றொன்று. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது இடம் ஒன்றுண்டு. அதுவே மாணவர் விடுதி. அது சொந்த வீடும் அன்று. வழிப்போக்கர் தங்கும் சத்திரமும் அன்று. மூன்றாண்டோ நான்காண்டோ அங்கு வாழ்ந்து வெளியேறியவர், அறுபது வயதிலும் அதன் பெயரைக் கேட்டால் முகம் மலர்கின்றார். ஆண்டுக்கொரு முறை பழைய தோழர்களைத் தேடிச் சென்று ஒன்றாக அமர்ந்து உண்கின்றார். வாடகை வீட்டின்மீது எவர்க்கும் இத்தகைய பற்று ஏற்படுவதில்லை. அப்படியாயின், விடுதிக்கும் அதில் முன்னாளில் வாழ்ந்தவர்க்கும் உள்ள உறவு எத்தகையது? அஃது உரிமையா? கடனா? வெறும் நினைவா?

லூமுட் நகரின் படகுத்துறையை அறிந்தவர்க்கு இக்கேள்வியின் பொருள் எளிதில் விளங்கும். பங்கோர்த் தீவுக்குச் செல்வோர் அங்கு வருகின்றனர், காத்திருக்கின்றனர், படகேறிச் செல்கின்றனர். துறை அவருள் எவர்க்கும் சொந்தமன்று. எனினும், துறையின்றி அவருள் எவரும் அக்கரை சேர்வதில்லை. விடுதியும் அத்தகையதே. கடந்து செல்வதற்கென்றே அமைந்த இடம் அது. கடந்து சென்றவர் அதற்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பதே ஈண்டு ஆராய வேண்டுவது.

வீடிழந்தவனின் விடுமுறை

பேராக் மாநிலத்துத் தோட்டப்புற மாணவர்க்கு விடுதி என்பது வசதிக்காகத் தேடிய இடம் மட்டுமன்று. தோட்டத்து லயத்து வீடு நிருவாகத்தின் உடைமை. தந்தையின் வேலை உள்ளவரைதான் அந்த வீடு. வேலை நின்றால் வீடும் நின்றது. இரப்பர்க் காடுகள் செம்பனைக்கும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டபோது, பல தோட்டங்கள் பெயரளவிலும் எஞ்சவில்லை. 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் இருப்பவை ஏறத்தாழ 530. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே எத்தனை தோட்டங்கள் கலைந்தன, எத்தனை குடும்பங்கள் ஊர் பெயர்ந்தன என்பதைப் படிப்பவரே எண்ணிப் பார்க்கலாம்.

பல்கலைக்கழகத்திற்கு மகனையோ மகளையோ அனுப்பிவைத்த தோட்டத்து வீடு, படிப்பு முடிவதற்குள் இல்லாமற் போவதும் நிகழக்கூடியதே. அத்தகைய மாணவனுக்கு நெடுவிடுமுறை மகிழ்ச்சியான செய்தி அன்று. அறைத்தோழர்கள் பெட்டி கட்டும்போது, தான் எந்த ஊருக்குப் பயணச்சீட்டு வாங்குவது என்று அவன் திகைக்கின்றான். மலேசியாவில் கோடை என்னும் தனிப்பருவம் இல்லை. ஆனால், மேல்நாட்டாரும் தமிழகத்தாரும் கோடை விடுமுறை என்று சொல்லும் அந்த நீண்ட இடைவெளி இங்கும் உண்டு. விடுதியின் உண்மையான இயல்பு வெளிப்படுவது அந்த இடைவெளியிலேதான். எல்லாரும் இருக்கும் நாளில் அது கல்வி நிலையத்தின் ஓர் உறுப்பு. எல்லாரும் சென்றபின் எஞ்சி நிற்கும் ஒருவனை அது எவ்வாறு நடத்துகின்றது என்பதைக் கொண்டே, அது வீடா வெறுங் கட்டடமா என்று கூற இயலும்.

திருச்சியில் ஒரு விடுதி

விடுதி வாழ்வின் சிறப்பை அறியத் தமிழகத்தில் ஒரு நல்ல சான்று உண்டு. இயேசு சபைத் துறவியர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரி, 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம் மாறியது. அதுவே தூய வளனார் கல்லூரி. பேராக்கின் தோட்டங்களுக்கு வந்த முன்னோர் பலர் பினாங்குக்குக் கப்பலேறியதும் அதே நாகப்பட்டினத் துறையில்தான். ஒரே ஊரிலிருந்து ஒரு பகுதியினர் உழைக்கக் கடல் கடந்தனர். மற்றொரு பகுதியினர் கற்க வந்து கூடினர்.

அக்கல்லூரியின் விடுதியில், பிற்காலத்தில் இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய ஏ.பி.ஜே. அப்துல் கலாம் 1950ஆம் ஆண்டு முதல் நான்கு ஆண்டுகள் தங்கிப் பயின்றார். இராமேசுவரத்து இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளையாகிய அவருக்கு அறைத்தோழர் இருவர். ஒருவர் திருவரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமிக்க ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். மூன்று அடுக்குக் கொண்ட அவ்விடுதியில் ஏறத்தாழ நூறு மாணவர் இருந்தனர். ஆங்கிலம் கற்பித்த துறவி ஒருவரே விடுதிக் காப்பாளராகவும் இருந்தார். இரவுதோறும் கையில் திருமறையுடன் ஒவ்வொரு மாணவனையும் அவர் சென்று காண்பார். தீபாவளி வந்தால், எண்ணெய் நீராட்டுக்கு வேண்டிய நல்லெண்ணெய் அவருடைய கட்டளைப்படி அறை அறையாக வழங்கப்படும். இவற்றையெல்லாம் 1999இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் கலாம் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

திருமறை ஏந்திய கை நல்லெண்ணெய் வழங்கவும் ஆணையிட்டது என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது. கத்தோலிக்கம் என்னும் சொல்லின் கிரேக்க மூலத்திற்கு ‘எல்லார்க்கும் பொதுவானது’ என்பது பொருள். அச்சொல்லின் பொருளை அக்காப்பாளர் ஒரு கிண்ணம் எண்ணெயில் விளக்கிவிட்டார் எனலாம். தம் சமயத்தை அவர் கைவிடவில்லை. மாணவனின் பண்டிகையை அவனிடமிருந்து பறிக்கவும் இல்லை.

மூன்றாம் ஆண்டில் கலாம் சைவ உணவுக் கூடத்தின் செயலாளராக இருந்தார். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல் விருந்துக்குக் கல்லூரி அதிபரை மாணவர்கள் அழைத்தனர். அவரும் வந்து மகிழ்ந்து உண்டார். இங்கு உணவில் வேறுபாடு இருந்தது, உறவில் இல்லை. இதற்கு மாறான நிகழ்ச்சியும் தமிழர் வரலாற்றில் உண்டு. வ.வே.சு. ஐயர் 1922இல் நிறுவிய சேரன்மாதேவி குருகுலம் உயர்ந்த நோக்கம் உடையது. ஆயினும், பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு படைத்தமையால் 1924-25ஆம் ஆண்டுகளில் தமிழகமே கொந்தளித்தது. விரும்பும் உணவைத் தேர்ந்து உண்பது வேறு. பிறப்பைக் கருதிப் பந்தியைப் பிரிப்பது வேறு. முன்னதில் விருந்தினர்க்கு வாயில் திறக்கின்றது. பின்னதில் உடன் வாழ்வோர்க்கே வாயில் அடைபடுகின்றது. ஒரே பந்தியில் அமராதவர்கள் முப்பது ஆண்டுகள் கழித்து எதைச் சொல்லி ஒன்றுகூடுவர்?

கத்தோலிக்கப் பேரறிஞர் நியூமன், 1852இல் டப்ளின் நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஓர் ஒப்பீடு செய்தார். உடனுறையும் வாழ்க்கையின்றித் தேர்வு மட்டும் நடத்திப் பட்டம் தரும் பல்கலைக்கழகம் ஒன்று. ஆசிரியரும் தேர்வும் இன்றி இளைஞர்களைச் சில ஆண்டுகள் ஒன்றாக வாழவைத்து அனுப்பிவிடும் பல்கலைக்கழகம் மற்றொன்று. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், மனிதரை உருவாக்கும் ஆற்றலில் பின்னதே சிறந்தது என்பது அவர் கருத்து. ஆசிரியப் பணியில் உள்ளோர் இக்கருத்தை முழுதும் ஏற்க வேண்டுவதில்லை. எனினும், மாணவன் மாணவனிடமிருந்து கற்கும் பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை என்பதை மறுக்க இயலாது.

உரிமையா, கடனா, நினைவா?

இனி, பழைய மாணவரின் நிலைக்கு வருவோம். பல்கலைக்கழக விடுதிகளுக்கும் பழம்பெரும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் பழைய மாணவர் சங்கங்கள் உலகெங்கும் உண்டு. ஈப்போவில் 1912இல் தோன்றிய செயிண்ட் மைக்கல் பள்ளியின் மாணவர்கள் பல தலைமுறைகள் கடந்தும் அப்பெயரால் தம்மை அடையாளம் காட்டிக்கொள்கின்றனர். இத்தகைய உறவை மூன்று வகையாகக் கருதுவோர் உளர்.

முதலாவது, உரிமை. “நான் வாழ்ந்த இடம், என் மகனுக்கு இடம் தருக, என் பெயரைக் கல்லிற் பொறித்திடுக” என்பது இவர் கூற்று. இதன் குறை வெளிப்படை. இவர் இளமையில் நுழைந்த அறை, முன்னிருந்தவர் தம் உரிமையை விட்டுச் சென்றமையால் கிடைத்த அறை. சென்றவர் எல்லாரும் உரிமை கொண்டாடியிருந்தால் இவருக்கு ஒரு கட்டிலும் கிடைத்திராது.

இரண்டாவது, கடன். பெற்றதற்கு ஈடாகப் பணம் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுதல். நன்கொடை இழிவானதன்று, அஃதின்றி எந்த அறச்செயலும் நடவாது. ஆனால், நோயுற்ற இரவில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த சமையற்காரரின் அன்புக்கு என்ன விலை? திருக்குறளின் செய்ந்நன்றி அறிதல் அதிகாரம், முன்னுதவி ஏதும் பெறாதவர் தாமே முன்வந்து செய்யும் உதவிக்கு மண்ணையும் விண்ணையும் கொடுத்தாலும் ஈடாகாது என்னும் கருத்துடன் தொடங்குகின்றது. ஈடு செய்ய இயலாததை ஈடு செய்துவிட்டதாக நினைப்பதே நன்றி மறத்தலின் முதற்படி. அன்றியும், சங்க விழாக்களில் காப்பாளரின் படம் மாலையுடன் விளங்குகின்றது; சமையற்கூடத்தில் வெந்தவரையும் கழிவறை துலக்கியவரையும் நினைப்பவர் எத்தனை பேர்?

மூன்றாவது, நினைவு. கூடிப் பேசிச் சிரித்துப் பழங்கதைகளை அசைபோட்டுப் பிரிதல். இது இனியது, முதுமைக்கு மருந்து போன்றது. தோட்டமே மறைந்துபோன ஒருவனுக்கு, அவனுடைய இளமைக்குச் சாட்சி கூறத்தக்கவர் விடுதித் தோழர்களே. ஆகவே இதை எள்ளுதல் தகாது. எனினும், நினைவு தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வரும் இயல்புடையது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த குறும்பை விழாவில் விவரித்துக்கொண்டிருக்கும் வேளையில், அதே விடுதியின் மேல்மாடியில் ஊருக்குப் போக வழியில்லாத மாணவன் ஒருவன் தனித்திருந்தால், அக்கூட்டத்தின் பொருள்தான் என்ன?

எனவே, இம்மூன்றினும் மேலான நான்காவது உறவு ஒன்று வேண்டும். அதனைக் கடப்பாடு எனலாம். ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மழையை எடுத்துக்காட்டுவார். மழைக்கு உலகம் எதையும் திருப்பித் தருவதில்லை. ஆனால், மழை பெற்ற நிலம் பயிரைத் தருகின்றது. அப்பயிர் பிறரை ஊட்டுகின்றது. நன்மை வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கிச் செல்கின்றது. பெற்றோரிடம் பெற்றதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தே மனித குலம் வாழ்கின்றது. மக்கட்பேற்றைத் துறந்து மாணவரையே மக்களாகக் கொண்ட ஒரு காப்பாளருக்குச் செலுத்தத்தக்க நன்றியும் அதுவே. இரவில் அவர் தட்டிய கதவுகளை இனி வேறொருவர் தட்ட வேண்டும்.

எழக்கூடிய தடைகள்

இங்குச் சிலர் ஐயுறலாம். விடுமுறையிலும் விடுதியைத் திறந்து வைத்தல் எளிதா? கட்டடம் பழுது பார்க்கப்பட வேண்டும், பணியாளரும் தத்தம் வீடு செல்ல வேண்டும், செலவும் மிகும். இவை நேர்மையான தடைகள். எஞ்சிய ஒருவனுக்காகச் சமையற்காரரின் விடுப்பைப் பறிப்பது அறமாகாது. பழைய மாணவர் தேவைப்படும் இடம் இதுவே. ஊரெங்கும் பரவியிருப்பவர் அவர். விடுதி அடைபடும் வாரங்களில் அவருள் ஒருவரின் வீடு திறக்கலாம். ஈப்போவிலோ, சித்தியவானிலோ, லூமுட்டிலோ உள்ள ஒரு குடும்பம், “தம்பி, விடுமுறைக்கு இங்கு வா” என்று அழைத்தால் போதும். அதற்கு மண்டபமும் வேண்டா, மலர்மாலையும் வேண்டா.

மற்றொரு தடை வன்மையானது. விடுதியில் துன்பமே கண்டவர் என் செய்வது? இது வெறும் கற்பனை அன்று. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அதன் விளைவாக, 1997இல் தமிழ்நாட்டில் மாணவர் கொடுமையைத் தடுக்கும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. மூத்தவரிடம் இழிவுபட்டவர் விடுதியை நினைத்து மகிழ வேண்டும் என்று எவரும் வற்புறுத்தல் ஆகாது. நன்றி பெற்ற நன்மைக்கு உரியது. பட்ட துன்பத்துக்கு உரியதன்று. ஆனால், கடப்பாடு அவர்க்கும் உண்டு. “எனக்கு நேர்ந்தது இனி ஒருவனுக்கும் நேரலாகாது” என்று அவர் எழுப்பும் குரல், மகிழ்ந்தவர் அளிக்கும் நன்கொடையினும் உயர்ந்தது. அவர் சொல்வதைக் கேட்க மறுத்து இனிய நினைவுகளை மட்டும் போற்றும் சங்கம், விடுதிக்கு உண்மையில் நண்பன் ஆகாது.

ஏப்ரல் திங்களில் தேர்வு முடிந்தால் திருச்சிராப்பள்ளியின் விடுதிகள் வெறிச்சோடும். கத்தரி வெயிலில் காவிரி மணலாகக் கிடக்கும். மேட்டூர் அணை திறப்பதற்கு மரபாகக் குறித்த நாள் சூன் 12. புதுப்புனலும் புதிய மாணவரும் ஏறத்தாழ ஒரே திங்களில் அவ்வூருக்கு வருவர். சென்ற ஆண்டு ஓடிய நீர் திரும்பி வருவதில்லை. ஆனால், அது நனைத்துச் சென்ற கரையில்தான் இவ்வாண்டின் பயிர் நிற்கின்றது. பழைய மாணவரும் தம் இளமைக்குத் திரும்ப இயலாது. தாம் படுத்த கட்டிலில் மீண்டும் படுக்கவும் இயலாது. அவர் செய்யத்தக்கது ஒன்றே. அடுத்த விடுமுறையில் எல்லாரும் ஊருக்குச் சென்றபின், விடுதியில் எஞ்சியிருப்பவர் யார் என்று கேட்டு அறிதல் வேண்டும். அக்கேள்வியை மாணவர் உள்ளத்தில் இன்றே விதைப்பது ஆசிரியரின் கடன்.