அமானிதமும் காவலும்

பிள்ளையை ஓதவைக்கச் சேர்க்க வரும் தந்தையர் ஒரு வார்த்தை சொல்வதுண்டு. நம் ஊர்களில் அதைக் கேளாத ஆசிரியர் இருக்க முடியாது. “ஹஜ்ரத், கண் இரண்டை மட்டும் விட்டுவிடுங்கள்; தோலை உரித்தாலும் ஏனென்று கேட்கமாட்டேன்” என்று கூறிப் பிள்ளையின் கையைப் பிடித்து ஆசிரியரின் கையில் வைப்பார்கள். ஓதிக்கொடுக்கத் தொடங்கிய இளம் பருவத்தில் அச்சொல் எனக்குப் பெருமிதம் தந்தது. ஒரு மனிதர் தம் ஈரற்குலையையே நம்மிடம் தந்துவிட்டுப் போகிறாரே என்று எண்ணிக்கொள்வேன். இன்று அதே சொல்லைக் கேட்டால் அச்சமே உண்டாகிறது. தோலை உரிப்பது பேச்சுக்காகச் சொல்லப்படுவது. ஏனென்று கேட்கமாட்டேன் என்பதோ மெய்யாகவே நடந்துவிடுகிறது.

கேளாமலிருப்பதற்கு நம்மவர் ஒரு நியாயமும் கூறுவர். அல்லாஹ்வின் வேதத்தைக் கற்பிப்பவர்மீது ஐயம் கொள்ளலாமா? பிறர்மீது தீய எண்ணம் கொள்வதைத் திருமறை விலக்கியிருக்கிறதே. பள்ளியிலும் மதரஸாவிலும் விடுதியிலும் பிள்ளைகளுக்குக் காவல் ஏற்படுத்துவது அங்குள்ள நல்லோரையெல்லாம் குற்றவாளிகளாக நிறுத்துவதாகாதா? இது எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. ஒரு பொய்ப் பழியால் ஊரைவிட்டே வெளியேற நேர்ந்த நல்லாசிரியர்களும் உண்டு. ஆகவே இதற்கு விடை காணாமல் மேலே செல்வதற்கில்லை.

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘வதீஆ’ என்றொரு பாடம் இருக்கிறது. ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் பாதுகாக்கக் கொடுப்பதைப் பற்றிய சட்டங்கள் அதில் அடங்கியுள்ளன. அப்பாடத்தை ஓதிக்கொடுக்கும் போதெல்லாம் மாணாக்கரிடம் ஒரு கேள்வி கேட்பேன். ஒரு பெண்மணி தம் தங்கச் சங்கிலியை உங்களிடம் கொடுத்து ஹஜ்ஜுக்குப் போகிறார். நீங்கள் அதைத் தொடவுமில்லை, விற்கவுமில்லை. திண்ணையிலுள்ள ஆணியில் மாட்டிவைத்தீர்கள். திருடன் எடுத்துப் போய்விட்டான். நீங்கள் ஈடு கொடுக்க வேண்டுமா? புதிய மாணாக்கர் பலர், “திருடியது நானில்லையே” என்பார்கள். சட்டமோ, கொடுத்தாக வேண்டும் என்கிறது. ஏனெனில் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குத் தக்க காப்பிடம் ஒன்று உண்டு. அரபியில் அதனை ‘ஹிர்ஸ்’ என்பர். கால்நடைக்குத் தொழுவம் காப்பிடம். பணத்திற்கும் நகைக்கும் தொழுவம் காப்பிடமாகாது. தக்க காப்பிடத்தில் வைக்காதவன் எத்துணை நேர்மையாளனாயினும் அமானிதத்தில் குறை செய்தவனே. ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றனர். காக்கும் ஆற்றல் தனக்கில்லை என்று அறிந்தவன் பிறர் பொருளை ஏற்றுக்கொள்வதே ஹராம் என்கின்றனர்.

சங்கிலிக்கு இத்தனை சட்டம். எண்பது பிள்ளைகளை ஒரே கூடத்தில் படுக்கவைத்து, இரவு முழுவதும் ஒரே மனிதரின் பொறுப்பில் விட்டுவைக்கும் விடுதிக்கு என்ன சட்டம்? “எங்கள் ஹஜ்ரத் தங்கமானவர்” என்று நிருவாகிகள் கூறுவர். இருக்கலாம். கேள்வி ஹஜ்ரத்தின் குணத்தைப் பற்றியதன்று. பிள்ளையை வைத்த இடம் ஹிர்ஸா என்பதுதான். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டனர். அங்கிருந்த எவரும் அக்குழந்தைகள் மாளவேண்டுமென்று விரும்பியிருக்கமாட்டார். கீற்றுக்கொட்டகைக்கும் குறுகிய படிக்கட்டுக்கும் நல்லெண்ணம் துணைவரவில்லை.

நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றை யூஸுஃப் அத்தியாயத்தில் ஓதாதவர் நம்மில் இல்லை. மூத்த மக்கள் வந்து, யூஸுஃபின் விஷயத்தில் எங்களை ஏன் நம்பக்கூடாது, நாங்கள் அவனுடைய நலம் நாடுவோரல்லவா என்று கேட்கின்றனர். விளையாட அழைத்துச் செல்வதாகவே சொல்கின்றனர். தந்தையின் உள்ளம் ஒப்பவில்லை. நீங்கள் கவனமற்றிருக்கும் வேளையில் ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாகச் சொல்கிறார். ஆயினும் பிள்ளை போகிறான். அன்றிரவே பொய்க் குருதி தோய்ந்த சட்டையுடன் அழுதுகொண்டே திரும்பி வருகின்றனர். பல்லாண்டு கழித்து, பஞ்ச காலத்தில், இளைய மகனையும் உடன் அனுப்பக் கேட்டபோது அந்த நபி என்ன செய்தார்? அல்லாஹ்வே சிறந்த காவலன் என்று கூறினார். கூறியபின், அவனைத் திரும்பக் கொண்டுவருவோம் என அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி வாங்காமல் அனுப்ப மறுத்துவிட்டார். தவக்குல் அவரைவிட யாருக்கு அதிகம்? இத்தனைக்கும் பிள்ளையைக் கேட்டவர்கள் அன்னியரல்லர், பெற்ற மக்கள். எனவே, உறுதிமொழி கேட்கும் தந்தையை ஈமான் குறைந்தவர் என்று சொல்பவர் யாரைச் சொல்கிறார் என்று சற்று யோசிக்க வேண்டும்.

ஆசிரியரின் மனம் புண்படுமே என்பார்க்கு மற்றொரு நிகழ்ச்சி. ரமளான் மாதத்தில் பள்ளியில் இஃதிகாஃப் இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம்மைக் காண வந்த துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்களை இரவில் வழியனுப்பச் சென்றார்கள். அவ்வழியே வந்த அன்ஸாரித் தோழர் இருவர் கண்டு விரைந்து நடந்தனர். நாயகம் அவர்கள் அவ்விருவரையும் நிறுத்தி, இவர் ஸஃபிய்யாதான் என்று தாமே அறிவித்தார்கள். தோழர்கள் பதறிப்போயினர். மனிதனின் உடலில் குருதி ஓடுமிடமெல்லாம் ஷைத்தான் ஓடுகிறான் என்ற கருத்தை அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்ச்சி இது. ஐயத்திற்கு அப்பாற்பட்டவர்கள், யாரும் கேளாமலே விளக்கம் தந்தார்கள். எங்களைப் போன்ற ஓதிக்கொடுப்போர் வகுப்பறைக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னால் முகம் சுளிப்பது எப்படிப் பொருந்தும்? திறந்த கதவு பிள்ளைக்குக் காவல். பொய்ப் பழியிலிருந்து ஆசிரியருக்கும் அதுவே காவல்.

இனி அடியைப் பற்றியும் ஒரு சொல். பிரம்பில்லாமல் குர்ஆன் மனத்தில் ஏறாது என்று நம்புவோர் இன்னும் இருக்கின்றனர். ஹிஜ்ரி 256-இல் மறைந்த கைரவான் நகரத்து இப்னு ஸஹ்னூன் ஆசிரியர்களுக்கென்றே ஒரு சிறு நூல் எழுதி, ஆசிரியரின் கைக்கு எல்லை வகுத்தார்; பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு ஏவுவதையும் தடுத்தார். கால் பிடித்துவிடச் சொல்லிப் பிள்ளையைத் தனியறைக்கு அழைக்கும் வழக்கத்தை ‘கித்மத்’ என்று போற்றுவோர் அதைப் படிக்க வேண்டும். கித்மத் என்றால் அனஸ் (ரலி) அவர்களுடையதைவிட உயர்ந்தது எது? பத்தாண்டுகள் நாயகத்திற்குப் பணிவிடை செய்த அவர், ஒருமுறையேனும் ‘சீ’ என்ற சொல்லைத் தாம் கேட்டதில்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறார். அறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதற்கெனத் தனிப் பகுதி ஒதுக்கி, கடுமையில் வளரும் பிள்ளை ஓங்கிய கைக்கு அஞ்சிப் பொய்யும் வஞ்சமும் கற்றுக்கொள்கிறான் என்று காட்டினார். அதிலிருந்து நான் கற்றது வேறொன்றும் உண்டு. அடிக்கு அஞ்சும் பிள்ளை தனக்கு இழைக்கப்படும் பெரிய தீங்கையும் வெளியே சொல்லமாட்டான்.

இதையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று பல நாள் தயங்கினேன். தயக்கத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதி மதரஸாவில் பணியாற்றினேன். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே பதினோரு வயதுப் பிள்ளை ஒருவன், விடுமுறை முடிந்து திரும்பும்போதெல்லாம் வாசற்படி ஏற மறுத்து, தந்தையின் கைலியைப் பற்றிக்கொண்டு அழுவான். படிப்பில் சோம்பல் என்று ஆசிரியர்கள் நாங்கள் முடிவுகட்டினோம். நானே மிட்டாய் கொடுத்து அவனை உள்ளே அழைத்துச் சென்றிருக்கிறேன். பின்னர் ஒரு நாள் சமையற்காரர் தம் கண்ணால் கண்டதை வந்து சொன்னார். உடன் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவர் அப்பிள்ளையிடம் மானக்கேடாக நடந்துவந்தது வெளிப்பட்டது.

இஷாவுக்குப் பின் நிருவாகக் குழு கூடியது. பிள்ளையின் மானம், நிறுவனத்தின் மானம், தீனின் மானம் என்று மூன்று மானங்களைப் பற்றி நள்ளிரவு வரை பேசினோம். பிள்ளையை அருகழைத்து ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்ற ஹதீஸை ஒருவர் நினைவூட்டினார். அத்துடன் பேச்சு முடிந்தது. மறுநாள் காலை அந்த ஆசிரியர் சம்பள பாக்கியைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டார். சொந்தக் காரணங்களால் விலகுகிறார், நன்னடத்தை உடையவர் என்றொரு சான்றும் அவர் கையில் இருந்தது. தமிழ் நன்றாக எழுதுபவன் என்பதால் அதை எழுதியவன் நான்.

பிள்ளையைத் தந்தை வந்து அழைத்துப் போனார். எட்டு ஜுஸ்உ மனனம் செய்திருந்தான். அதன்பின் அவன் ஓதவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து வேறோர் ஊர் மதரஸாவின் ஆண்டு விழா நோட்டீஸ் தபாலில் வந்தது. ஆசிரியர் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவ்வூருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அன்று ஹதீஸ் கல்வியே எனக்குப் பாடமாக இருந்தது என்பதுதான் வேதனை. அறிவிப்பாளர்களின் குறைகளை வெளிப்படையாக எழுதிவைத்த நூல்களைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இன்னார் பொய்யர், இன்னார் மறதியாளர் என்று பெயர் சொல்லி எழுதினார்களே, அது புறமாகாதா என்று மாணாக்கர் கேட்டால், நாயகத்தின் சொல்லைக் காக்கும் கடமைக்காக அது அனுமதிக்கப்பட்டது என்பேன். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், புறம் பேசுதல் ஆகுமான ஆறு சந்தர்ப்பங்களைக் கூறுமிடத்தில், அநீதியை முறையிடுவதையும் மக்களை எச்சரிப்பதையும் சேர்த்திருக்கிறார்கள். பெண் கேட்டு வந்தவர்களைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, நாயகம் அவர்கள் அவ்விருவரின் குறையையும் ஒளிக்காமல் சொன்னார்கள். ஒரு சொல்லைக் காக்க வாய் திறந்த சமுதாயம், ஒரு பிள்ளையைக் காக்க வாய் மூடிக்கொண்டது எப்படி? மறைக்கத்தக்கது தனக்கும் தன் இறைவனுக்கும் இடையே ஒருவன் சறுக்கிய சறுக்கல். அடுத்த பிள்ளையை நோக்கி நடந்துகொண்டிருப்பவனை மறைப்பது அவனுக்கு வழிவிடுவது. அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுக, அவன் கையைத் தடுப்பதே அவ்வுதவி என்பதும் நபிமொழிதானே.

இப்போது நாட்டுச் சட்டமும் இதில் வாளாவிருப்பதில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலாரும் அதில் அடங்குவர். இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தன்கீழ் உள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையம் என்றதும் பெற்றோர் நடுங்குவர். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ பெறவேண்டும், கூடியவரை பெண் அதிகாரி பெறவேண்டும், சீருடையில் வரலாகாது, பிள்ளையின் பெயரை வெளியிடலாகாது என்றெல்லாம் அச்சட்டமே வகுத்திருக்கிறது. 1098 என்னும் எண்ணும் இருக்கிறது. அந்த இஷாவுக்குப் பிந்திய கூட்டத்தில் இதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் என்று நினைக்கிறேன். ஆனால் சட்டம் இல்லாததாலா நாங்கள் வாளாவிருந்தோம்?

நான் இப்போது ஓதிக்கொடுக்கும் மக்தபு சிறியது. தெருவை நோக்கிய சுவரை இடித்து அழிக்கம்பி வைத்தோம். எந்தப் பிள்ளையையும் எவரும் தனியறைக்கு அழைப்பதில்லை என்பது முதல் விதி, எனக்கும் சேர்த்துத்தான். புதிதாக ஆசிரியர் வந்தால் சான்றிதழை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர் முன்பு இருந்த ஊருக்கு நேரில் சென்று விசாரிக்கிறோம். சான்றிதழின் பெறுமானம் எனக்குத் தெரியும். மனக்குறை இருந்தால் பிள்ளைகள் சென்று சொல்வதற்கென்று ஜமாஅத்தில் வயதான ஓர் ஆலிமாவை நியமித்திருக்கிறோம். முதல் ஆறு மாதம் எவரும் அவரிடம் செல்லவில்லை. பிறகு ஒரு சிறுவன் சென்று, தன் செருப்பை யாரோ எடுத்துக்கொண்டதாகச் சொன்னான். அவர் எழுந்து போய்ச் செருப்பைத் தேடிக் கொடுத்தார்.

சென்ற ஆண்டு ஒரு பெண்பிள்ளையின் உம்மா, பாட நேரம் முழுவதும் வெளித் திண்ணையில் வந்து உட்காரத் தொடங்கினார். ஒன்றும் பேசுவதில்லை, பார்த்துக்கொண்டே இருப்பார். முப்பது ஆண்டு ஓதிக்கொடுத்தவனை இப்படிப் பார்க்கிறாரே என்று முதல் வாரம் எனக்குச் சுருக்கென்றது. இரண்டாம் வாரம் ஒரு நாற்காலியை எடுத்துப் போடச் சொன்னேன். இப்போது அவர் வருமுன்பே பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள். சென்ற வெள்ளிக்கு முந்திய நாள் அவருடன் பக்கத்து வீட்டுப் பெண்மணியும் வந்திருந்தார். மற்றொரு நாற்காலி வாங்க வேண்டும் என்று முத்தவல்லியிடம் சொல்லியிருக்கிறேன்.