முற்றத்து மரமும் மறுமை நன்மையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பழக்கடைகளில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் துரியனும் வந்து குவியும். இவை நம் மண்ணில் தாமாகத் தோன்றியவை அல்ல. மலாய் நாட்டிலும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும் விளைந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றைப் பயிரிடக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் தோட்டம் போட்டார்கள். கீழைத் தீவுகளின் மரங்களுக்கு இந்த மலையடிவாரம் ஒத்துப்போகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அன்று நட்டவர்கள் போய்விட்டார்கள். நாம் உண்கிறோம்.

இன்று அந்த ஆசை நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. கடையநல்லூர், தென்காசி மக்கள் பல தலைமுறைகளாகச் சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர்கள். அங்கே உண்ட கனியைத் தம் வீட்டுத் தோட்டத்திலும் காண விரும்புகிறார்கள். விருப்பம் ஆகுமானதே. ஆனால் எந்த நிய்யத்தில் நடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ எதை உண்டாலும், அது அவனுக்கு ஸதகாவாக அமையும் என்பது நபிமொழியின் கருத்து. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சிந்தித்துப் பாருங்கள்! அணில் கடித்துப்போட்ட பழத்துக்கும் கூலி உண்டு. வவ்வால் தின்றதை நாம் நஷ்டக் கணக்கில் எழுதுகிறோம். மலக்குகளோ அதை வரவில் எழுதுகிறார்கள்.

"இந்த வயதில் நட்டு, நானா தின்னப்போகிறேன்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். விதையிலிருந்து வளரும் மங்குஸ்தான் காய்க்கப் பத்து ஆண்டுகளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். உண்மைதான். ஆனால் கையில் கன்று இருக்கும் வேளையில் கியாமத்தே வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். கியாமத்துக்குப் பின் அந்தக் கனியை உண்பவர் யார்? கனி நமக்குக் கிடைக்காமல் போகலாம். கூலி கிடைக்காமல் போகாது. டமாஸ்கஸ் நகரில் அபுத்தர்தா (ரலி) அவர்கள் மரம் நட்டுக்கொண்டிருந்தபோது, நபித்தோழராகிய தாங்களா இந்த வேலையைச் செய்வது என்று ஒருவர் வியந்து கேட்டார். அவர்கள் மரம் நடுவதன் நன்மையைப் பற்றித் தாம் நபியவர்களிடம் கேட்டதையே விடையாகச் சொன்னார்கள்.

நிய்யத்து சரியானால் மட்டும் போதாது, வகையறிந்தும் நடவேண்டும். மங்குஸ்தானுக்கு ஈரக்காற்றும், இளமையில் நிழலும் தேவை. குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் அது வளரும். மேலப்பாளையம், பேட்டை வெயிலில் பிழைப்பது கடினம். அதன் விதை காய்ந்தால் முளைக்காது. பழத்திலிருந்து எடுத்த கையோடு ஊன்றவேண்டும். ரம்புத்தானை விதை போட்டு வளர்த்தால் ஆண்மரமாகிக் காய்க்காமலே நிற்கக்கூடும். ஆகவே ஒட்டுக்கன்று வாங்குங்கள். தண்ணீர் வசதியுள்ள சமவெளி வீடுகளில் முள்சீத்தாவும் நட்சத்திரப்பழமும் வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து கன்றையோ விதையோ பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவராதீர்கள். அனுமதியின்றிக் கொண்டுவருவது சட்டத்துக்கு மாறு. அதோடு ஒட்டி வரும் நோய் அடுத்தவர் தோட்டத்தையும் அழித்துவிடும்.

இனி, அண்டை வீட்டார் ஹக்கு. மாமரம் பல வீடுகளில் உண்டு. மங்குஸ்தான் தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தாலே அதிகம். மதிலுக்கு அப்பால் நிற்கும் பிள்ளை அதை அண்ணாந்து பார்க்கும். பழம் வாங்கினால் அண்டை வீட்டாருக்கும் கொடு, இயலாவிட்டால் மறைவாகக் கொண்டு போ, அவர்களின் பிள்ளை ஏங்கும்படி உன் பிள்ளை அதை வெளியே எடுத்துச் செல்லவேண்டாம் என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியிருந்தாலும், அதன் பொருள் நம் மார்க்கத்தின் குணமே. குழம்பில் தண்ணீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்படி ஏவிய மார்க்கமல்லவா இது!

கொடுக்கும்போதும் பொறுப்பு வேண்டும். நட்சத்திரப்பழம் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நஞ்சாகி உயிருக்கே ஆபத்தாகலாம். இதைச் சொல்லிக் கொடுப்பதும் அமானிதமே.

மிஞ்சியதை விற்பதில் தடையில்லை. ஆனால் மரத்தைப் பூவிலேயே விலை பேசி விற்காதீர்கள். கனி பக்குவம் அடையுமுன் விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் விளைச்சலைத் தடுத்துவிட்டால், உன் சகோதரனின் பொருளை எந்த நியாயத்தில் எடுத்துக்கொள்வாய் என்றும் கேட்டார்கள். துரியனைத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. பிள்ளைக்காக ஏங்கும் தம்பதியரிடம் பொய் நம்பிக்கையை விற்ற காசில் பரக்கத் ஏது? ஆணும் பெண்ணும் அல்லாஹ் நாடியபடி கொடுப்பவை என்பதை 'அஷ்ஷூரா' அத்தியாயத்தின் 49, 50ஆம் வசனங்கள் தெளிவாக்குகின்றன. அவர்கள் துஆச் செய்யட்டும், மருத்துவரையும் பார்க்கட்டும். நாம் பழத்தைப் பழமென்றே விற்போம்.

சகோதரர்களே! வருகிற மழைக்கு முன் முற்றத்தில் ஒரு குழி வெட்டுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கன்றை உங்கள் பேரப்பிள்ளையின் கையால் வைக்கச் செய்யுங்கள். முதற் காய்ப்பில் அண்டை வீட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்று அன்றே அதனிடம் சொல்லி வையுங்கள். நாம் கப்ரில் இருக்கும் காலத்தில், நம் பெயர் தெரியாத ஒரு குழந்தை அந்தக் கனியைச் சுவைக்கும். நம் ஏட்டில் நன்மை ஏறிக்கொண்டிருக்கும்.

நாம் நடுவதையெல்லாம் அல்லாஹ் பிறருக்குப் பயனாகவும், நமக்கு நிலையான தர்மமாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.