நூற்று இருபத்தொன்று

சிகாகோவின் தென்பகுதியில், 35ஆம் தெருவுக்கு வடக்கே, ஒரு பெரிய கார் நிறுத்துமிடம். அந்தத் தார்த்தரையில் ஓரிடத்தில் ஐந்து மூலையுள்ள பளிங்குக் கல் ஒன்று தரையோடு தரையாகப் பதிந்திருக்கும். பழைய கோமிஸ்கி பார்க் மைதானத்தின் ஹோம் பிளேட் இருந்த இடம் அது. 1910 முதல் 1990 வரை ஒயிட் சாக்ஸ் அணி அங்கே நின்றுதான் மட்டை பிடித்தது. இப்போதைய மைதானம் தெருவுக்கு எதிர்ப்பக்கம். ஆட்டம் பார்க்கப் போகும் நாட்களில் அந்தக் கல்லருகே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் தெருவைக் கடப்பேன். கோயிலுக்குள் போகுமுன் வாசற்படியைத் தொட்டுக் கும்பிடுவது மாதிரி. 2024இல் அங்கே நின்றபோதெல்லாம் எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. நின்றேன், போனேன்.

*

பேஸ்பால் பருவம் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் முடியும். அதற்குள் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டம். வாரத்துக்கு ஆறு நாள் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்குத் தோற்று, விமானம் ஏறி, வேறு ஊரில் இறங்கித் தூங்கி எழுந்து, மாலையில் மறுபடி சீருடை போடவேண்டும். எவ்வளவு நல்ல அணியும் மூன்றில் ஒரு பங்கு தோற்கும், எவ்வளவு மோசமான அணியும் மூன்றில் ஒரு பங்கு ஜெயிக்கும், மிச்சமுள்ள ஒரு பங்கில்தான் விஷயமே இருக்கிறது என்று இந்த ஆட்டத்தோடு பழகியவர்கள் சொல்வார்கள். மூன்றில் ஒரு பங்கு என்றால் 54. அந்த ஆண்டு ஒயிட் சாக்ஸ் ஜெயித்தது 41. தோற்றது 121. 1900க்குப் பிறகு எந்தப் பெரிய லீக் அணியும் ஒரே பருவத்தில் இத்தனை தோல்வி கண்டதில்லை.

*

சமையலறை மேசையில் ரேடியோவை வைத்துக்கொண்டு பென்சிலால் ஸ்கோர் எழுதுவது என் வழக்கம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு பக்கம். மேல்மூலையில் ஆட்டத்தின் எண். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு: பந்து வீசுகிறவர் 1, பிடிக்கிறவர் 2, முதல் தளக்காரர் 3 என்று போய் வலது ஓரத்தில் நிற்பவர் 9. ஷார்ட்ஸ்டாப் தரையில் வந்த பந்தை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்து அவுட் செய்தால் கட்டத்துக்குள் 6-3. மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டானால் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு மட்டையே அசைக்காமல் நின்று அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடவேண்டும். இந்தக் குறிமுறைக்கு வழிபோட்டவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா போனவர், கிரிக்கெட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்.

இந்தக் கட்டங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஜெயித்த அணிக்கும் தோற்ற அணிக்கும் அவை ஒரே அளவு. பத்து ரன் பின்னால் இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருவர் அடித்த சாதாரண அடிக்கும் அதே இடம், அதே பென்சில் கோடு. அதற்கென்று அலட்சியமாகக் கிறுக்க முடியாது. கிறுக்கினால் பக்கம் கணக்குக்கு வராது.

*

முதல் பக்கம், மார்ச் 28. டெட்ராய்ட் டைகர்ஸ் 1, ஒயிட் சாக்ஸ் 0. வீசியவர் கேரட் குரோஷே. நெட்டையான இடதுகைக்காரர். முழங்கை அறுவைச் சிகிச்சை முடித்து வந்தவர். அதுவரை இடையில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசிப் போனவர். தொடக்கப் பந்துவீச்சாளராக அதுதான் அவருக்கு முதல் ஆட்டம். ஆறு இன்னிங்ஸ், எட்டு பேரை ஸ்ட்ரைக் அவுட். விட்டது ஒரே ரன். அந்த ஒரு ரன்னுக்குத் தோல்வி அவர் பெயரில் ஏறியது.

அந்தப் பருவத்தில் அவர் 146 இன்னிங்ஸ் வீசி 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். வெற்றி ஆறு, தோல்வி பன்னிரண்டு. நன்றாகச் செய்கிறவருக்கும் தோல்விக் கணக்கு ஏறிக்கொண்டே போவதை ஆறு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஐந்து நாளுக்கொருமுறை அவர் முறை வரும். அன்று மட்டும் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

*

முதல் 25 ஆட்டத்தில் வெற்றி 3, தோல்வி 22. ஏப்ரலிலேயே முடிவு தெரிந்துவிட்டது. முடிவு தெரிந்தபின் மிச்சம் 137 ஆட்டம்.

*

மே 23, பால்டிமோர் ஓரியோல்ஸுடன். அந்தப் பக்கத்தில் தாள் மெலிந்துபோயிருக்கிறது, அத்தனை முறை அழித்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், 8-6 என்று பின்தங்கி, ஒருவர் அவுட், இரண்டு பேர் தளங்களில். ஆண்ட்ரூ பெனின்டெண்டி அடித்த பந்து நேரே மேலே ஏறியது. இந்த மாதிரிப் பந்துக்குத் தனி விதி உண்டு: பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அடித்தவர் அவுட். இரண்டாம் தளத்தில் இருந்த ஆண்ட்ரூ வான் தளத்துக்குத் திரும்ப நடந்தார். பந்தைப் பிடிக்க ஓடிவந்த ஷார்ட்ஸ்டாப்பின் வழியில் அவர் நின்றுவிட்டார் என்று நடுவர் அவரையும் அவுட் என்றார். பந்தை ஷார்ட்ஸ்டாப் பிடித்தும்விட்டார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் மூன்று அவுட். ஆட்டம் முடிந்தது.

அதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. எந்தக் கட்டத்தில் எந்த எண்? வானுடைய கட்டத்தில் முதலில் குறுக்கீடு என்று எழுதினேன். அழித்தேன். கோபமாக ஒரு சொல் எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் விதிப்படி என்ன குறியோ அதைப் போட்டேன். அந்த ராத்திரி அதைப் போட எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. முந்தின நாள் தொடங்கிய தோல்வி வரிசை அதோடு இரண்டு. ஜூன் 6 வரை அது நீண்டு பதினான்கில் நின்றது.

*

பிறகு ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்வி. அமெரிக்கன் லீக்கில் அதற்கு முன் அந்த எண்ணைத் தொட்டது 1988இன் ஓரியோல்ஸ் அணி மட்டுமே. பருவத்தின் முதல் நாளிலிருந்தே 21 ஆட்டம் தோற்றவர்கள் அவர்கள். அந்த வரிசை எங்கே முடிந்தது தெரியுமா? இதே கோமிஸ்கி பார்க்கில், அந்தப் பளிங்குக் கல் கிடக்கும் இடத்தில். ஏப்ரல் 29ஆம் தேதி, ஒயிட் சாக்ஸை 9-0 என்று வென்று.

ஒயிட் சாக்ஸின் வரிசை ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் முடிந்தது, 5-1. ஓக்லாந்து அணிக்கு அந்த மைதானத்தில் அது கடைசிப் பருவம். செப்டம்பரோடு ஊரைவிட்டே போகப்போகிறவர்கள். காலியாகப் போகும் ஒரு வீட்டில் இவர்களுக்கு விடிந்தது. இரண்டு நாள் கழித்து மேலாளர் பெட்ரோ கிரிஃபாலை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் கணக்கில் அந்த ஆண்டு 28 வெற்றி, 89 தோல்வி. மிச்சத்தை கிரேடி சைஸ்மோர் ஏற்றார்: 13, 32.

அந்த 21 ஆட்டத்தின் பக்கங்களை இப்போது புரட்டிப் பார்க்கிறேன். கையெழுத்து ஒரே மாதிரிதான் இருக்கிறது. அப்போது உள்ளே அப்படி இல்லை.

*

தோற்ற அணி, தோற்ற நாள், தோற்ற பக்கம். தமிழில் இதை எழுதி எழுதி, ஒருநாள் ‘தோற்ற’ என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. தோற்றம் என்று ஒரு எழுத்தைச் சேர்த்தால் தோன்றுதல், பிறத்தல். வேர் வேறு என்று தெரியும். அது தோன்றுவதிலிருந்து வந்தது, இது தோற்பதிலிருந்து. இருந்தாலும் எழுதும் கைக்கு இரண்டும் ஒரே அசைவு. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

ஏன் இப்படி ஆனது என்று எல்லோரும் கேட்டார்கள். 2021இல் 93 ஆட்டம் வென்று பிரிவில் முதலிடம் பிடித்த அணி இது. மறு ஆண்டு 81. அதற்கடுத்து 61. பிறகு 41. லூயிஸ் ராபர்ட் போன்றவர்கள் காயத்தில் விழுந்தார்கள். உருப்படியாக வீசிய எரிக் ஃபெட்டி, மைக்கேல் கோபெக் இருவரையும் ஜூலை கடைசியில் வேறு அணிகளுக்குக் கொடுத்தார்கள். வருங்காலத்துக்கு இளைஞர்களை வாங்க என்றார் பொது மேலாளர் கிறிஸ் கெட்ஸ். அடித்த ரன் 507, கொடுத்தது 813. 1981 முதல் உரிமையாளராக இருக்கும் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் மேல் ஊருக்கே ஆத்திரம். அந்த ஆத்திரம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். தோல்வி களத்தில் நடந்தது. அதற்கு வேண்டியதெல்லாம் களத்துக்கு வெளியே பல ஆண்டுகளாகச் சேர்ந்தது.

கடைசியில் வரும் அணிக்கு அடுத்த ஆண்டு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கும், அதுவாவது மிஞ்சும் என்று நினைத்தோம். அதுவும் இல்லை. முதல் இடங்களைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பார்கள். பெரிய நகர அணி தொடர்ந்து இரண்டு ஆண்டு அந்தக் குலுக்கலில் இடம் பெற முடியாது என்று விதி. இத்தனை தோற்றும் பத்தாவது இடம்தான் கிடைத்தது.

*

பழைய சாதனை 1962இன் நியூயார்க் மெட்ஸுடையது, 120 தோல்வி. அது அந்த ஆண்டுதான் பிறந்த அணி. மற்ற அணிகள் விட்டுக்கொடுத்தவர்களைச் சேர்த்துக் கட்டியது. ஊர் அவர்களைக் கைக்குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டது. ஏழு ஆண்டில், 1969இல், உலகத் தொடரை வென்றார்கள். ஒயிட் சாக்ஸ் 1901 முதல் அமெரிக்கன் லீக்கில் இருக்கும் அணி. நூறு வயது தாண்டியவர் தடுக்கி விழும்போது யாரும் சிரிப்பதில்லை.

எனக்கு அடிக்கடி நினைவு வந்தது 2003இன் டெட்ராய்ட். அவர்கள் 119 தோற்றவர்கள். மைக் மாரோத் என்று ஒரு பந்துவீச்சாளர். இருபதாவது தோல்விக்குப் பிறகும் தன் முறை வந்தபோது பந்தை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். வெற்றி 9, தோல்வி 21 என்று முடித்தார். மெட்ஸின் எண்ணைத் தொட்டுவிடும் தறுவாயில் கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்தை அந்த அணி வென்றது. மூன்றாண்டு கழித்து உலகத் தொடருக்கே போனது.

*

செப்டம்பர் 22, சான் டியேகோவில் 120ஆவது தோல்வி. மெட்ஸுக்குச் சமம். அடுத்த மூன்று ஆட்டம் சொந்த மண்ணில், ஏஞ்சல்ஸுடன்.

24ஆம் தேதி நான் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் வரிசைகளில் ஆட்கள். பலர் 121ஐப் பார்க்க வந்தவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதம் வலியோடு கூட இருந்தவர், அது முடியும்போதும் கூட இருக்க விரும்புவது இயல்புதான். ஒயிட் சாக்ஸ் 2-0 என்று பின்தங்கியிருந்தது. அணியை விற்றுவிடு, அணியை விற்றுவிடு என்று கோஷம் எழுந்து அடங்கியது. அந்தப் பருவத்தில் ஏழு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த ஆட்டம் ஒன்றைக்கூட அதுவரை இவர்கள் வென்றதில்லை.

எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்தார்கள். பெனின்டெண்டி அடித்த அடியில் மூன்றாவது ரன் வந்தது. 3-2.

கைதட்டினார்கள், கூடவே சிலர் ஊளையிட்டார்கள். சொந்த அணி முன்னிலைக்கு வந்ததற்கு ஊளை. எனக்கு இரண்டு வரிசை கீழே ஒரு பெரியவர் எழுந்து நின்றார். கை தட்டவில்லை, கத்தவுமில்லை. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு இன்னிங்ஸ் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். என் பென்சில் கட்டத்தின் மேலேயே நின்றிருந்தது. எழுதவேண்டும் என்று தோன்ற நேரமாயிற்று.

மறுநாளும் பெனின்டெண்டிதான், பத்தாவது இன்னிங்ஸில், 4-3. அதற்கு மறுநாள் 7-0. தோற்பதைப் பார்க்கக் கூடிய ஊரில் மூன்று நாளும் தோற்காமல், விமானம் ஏறி டெட்ராய்ட் போனார்கள்.

*

செப்டம்பர் 27. டெட்ராய்ட் 4, ஒயிட் சாக்ஸ் 1. நூற்று இருபத்தொன்று. பருவத்தைத் தொடக்கிவைத்த அதே எதிரணி. அந்த வெற்றியோடு டைகர்ஸ் 2014க்குப் பிறகு முதல் தடவையாகப் பிளே ஆஃபுக்குள் நுழைந்தது. ஒரே கடைசி அவுட். ஒரு பக்கம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்தார்கள், இன்னொரு பக்கம் பையை எடுத்துக்கொண்டு சுரங்கப் பாதைக்குள் நடந்தார்கள். ரேடியோவில் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அணைக்கவில்லை. அந்த மகிழ்ச்சி இருபத்தோராண்டுக்கு முன் 119 தோற்ற ஊருடையது என்பது மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் போகாமல் இருக்க முடியாது. போனார்கள். 4-0 என்று வென்றார்கள். ஞாயிற்றுக்கிழமை 9-5, அதுவும் வெற்றி. கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்து, டெட்ராய்ட்காரர்கள் அன்று செய்ததைப் போலவே.

கடைசி அவுட்டைக் கட்டத்தில் போட்டு, ரன், ஹிட், பிழை மூன்றையும் கூட்டி, அடியில் எழுதினேன். ரேடியோவை அணைத்தேன். பக்கத்தைத் திருப்பி, கை தானாக மேல்மூலைக்குப் போய் 163 என்று எழுதிவிட்டிருந்தது.