சேட்டையா... மூதேவியா?

சங்கரன்கோவிலில் கோமதி அம்பாளைத் தரிசித்துவிட்டு, பக்கத்தில் மேலநீலிதநல்லூர் மாதிரி ஓர் ஊருக்குப் போனால், சாயங்கால வேளையில் ஏதாவது ஒரு வாசலில் இந்தக் குரலைக் கேட்கலாம்... ‘ஏல, சேட்டை பண்ணாதல!’

பல வீடுகளில் குறும்பு, சில வீடுகளில் விஷமம். நெல்லைச் சீமையில் அதுவே சேட்டை!

இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன, தெரியுமா? ‘சேஷ்டை’ என்ற வடசொல்லுக்கு அசைவு, செயல் என்று பொருள். அதுதான் தமிழில் சேட்டை ஆனது. கையும் காலும் ஓரிடத்தில் நில்லாமல் துறுதுறுவென்று இருப்பது. அவ்வளவுதான்! இன்னொன்று, திருமகளுக்கு மூத்தவளான ஜேஷ்டாதேவி. அவள் பெயரும் தமிழில் சேட்டைதான். தொண்டரடிப்பொடி ஆழ்வார் தமது திருமாலையில் மூதேவியை இந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறார்.

எழுத்து ஒன்றுதான். ஆனால், பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொல்லும்போது நம் மனதில் இருப்பது எந்தச் சேட்டை? கோபம் முற்றினால், ‘மூதேவி’ என்றே திட்டிவிடுகிறோமே!

கோகுலாஷ்டமியன்று வாசலில் இருந்து பூஜையறை வரை பிஞ்சுப் பாதங்களைக் கோலமாக இடுகிறோம். திருடித் தின்றவனுக்கே வெண்ணெய் நிவேதனம் செய்கிறோம். அந்தக் கோலத்தை நம் வீட்டுக் குழந்தை மிதித்து அழித்துவிட்டாலோ, கை ஓங்கிவிடுகிறோம்!

யசோதை என்ன செய்தாள்? தயிர்ப்பானையை உடைத்த கண்ணனைக் கோலும் கையுமாகத் துரத்திப் பிடித்தாள். குழந்தை பயந்துவிட்டான் என்று தெரிந்ததும், அந்தக் கோலைக் கீழே போட்டுவிட்டாள் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். அதற்காகச் சும்மா விட்டாளா? இல்லை. உரலோடு சேர்த்துக் கட்டினாள். வயிற்றில் கட்டிய அந்தக் கயிறுதான், ‘தாமோதரன்’ என்ற திருநாமத்தை அவனுக்குத் தந்தது. ஆக, கண்டிப்பு இருந்தது; அடி இல்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வளர்ந்த பையன் ஒரு பெண்ணைக் கேலி செய்து அழவைக்கிறான். அதையும், ‘ஏதோ சேட்டை பண்ணிட்டான்’ என்று மூடி மறைப்பவர்கள் உண்டு. அது தகுமா? சேட்டை என்று சொல்லும்போதே பாதி மன்னித்துவிடுகிறோம். அந்த மன்னிப்பு, பிறரை நோகடிக்கும் எண்ணமே அறியாத குழந்தைக்கு உரியது. அடுத்தவர் அழுவதைத் தெரிந்தே ரசித்தால், அது சேட்டை அல்ல, குற்றம். அதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவதும் குற்றமே!

அடுத்த முறை கை ஓங்கும்போது, பிள்ளையின் கண்களை ஒரு நொடி பாருங்கள். அங்கே பயம் தெரிந்தால், கையை இறக்கிவிடுங்கள். யசோதை கோலைக் கீழே போட்டது அந்த நொடியில்தான்!