எந்தக் காற்றுக்கான யோசனை?

பிரவுன் சுகர் கட்டியாக இறுகிவிட்டால், கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுபவர்கள் உண்டு. உண்மையில் அதில் எதுவும் கெடுவதில்லை. ஈரம் மட்டும் போயிருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையோடு, ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் என்ற கரும்பாகைக் கலந்துதான் இதைப் பெரும்பாலும் தயாரிக்கிறார்கள். வெளிர் வகையில் பாகு சுமார் 3.5 சதவீதம், அடர் வகையில் சுமார் 6.5 சதவீதம். ஒவ்வொரு மணியின்மேலும் அந்தப் பாகு ஈரப் படலமாக இருக்கும்வரை சர்க்கரை பொலபொலவென்று இருக்கும். நீர் ஆவியானதும், படலத்தில் கரைந்திருந்த சர்க்கரை படிகமாகி மணிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அமெரிக்க வீடுகளில் காற்று வறண்டு போவதால் இது வேகமாக நடக்கும். அதனால்தான் அங்கே டப்பாவுக்குள் நனைத்த சுட்டமண் வில்லையையோ ஒரு ரொட்டித் துண்டையோ போட்டுவைக்கிறார்கள். இழந்த ஈரம் திரும்பக் கிடைத்தால் சர்க்கரை இளகிவிடுகிறது.

இதே யோசனையை ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, நாட்டுச் சர்க்கரை டப்பாவில் செய்துபார்த்தால் என்ன ஆகும்? வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் உள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் காற்றின் ஈரத்தைத் தாமாகவே இழுப்பவை. மழைக்காலத்தில் வெல்லம் கசிவதும் நிறம் கறுப்பதும் அதனால்தான். அதற்கு மேலும் ஈரம் சேர்த்தால் புளிப்பேறும், பூஞ்சை பிடிக்கும். அங்கே தேவைப்படுவது ஈரம், இங்கே தேவைப்படுவது உலர்வு. அங்கே பலித்த யோசனை இங்கே கேடாகிறது. ஆகவே ஒரு யோசனையைக் கேட்டுக்கொள்ளும்போது அது எந்தக் காற்றில் பலித்தது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

காற்றுப் புகாத டப்பா இரண்டு ஊருக்கும் பொருந்துமே, காரணத்தை ஏன் ஆராய வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இறுக்கமான மூடி உள்ளே இருக்கும் நிலையைக் காக்குமே தவிர அதைச் சீராக்காது. கசிந்த வெல்லத்தை மூடிவைத்தால் கசிவும் சேர்ந்தே பத்திரமாக இருக்கும். சமைக்கிற அவசரத்தில் யாருக்கு இவ்வளவு யோசிக்க நேரமிருக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. பழகிய வழி பலிக்கும்வரை யோசிக்கத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது பொய்த்துப்போகும் நாளில், செய்முறையை மட்டும் அறிந்தவர் அதையே இன்னும் அழுத்தமாகச் செய்வார். காரணம் அறிந்தவர் வழியை மாற்றிக்கொள்வார். பிள்ளை வளர்ப்பு, சேமிப்பு, உடல்நலம் என்று நாம் நாள்தோறும் பிறரிடம் வாங்கிக்கொள்ளும் யோசனைகளிலும் இதே சிக்கல் உண்டு. சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். தம் வீட்டில் எது குறைந்தது என்பதைச் சொல்ல மறந்திருப்பார். நம் வீட்டில் குறைவது எது, மிகுவது எது என்று பார்க்க வேண்டிய பொறுப்பை அவர்மேல் சுமத்த முடியாது, அது நம்முடையது.